உத்திராபதிக்கு வந்த எட்டுக்கால்

“உத்திராபதி அண்ணனுக்கு வர்றது எட்டுக்காலாம்ல” என்று மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்றிருந்த பெண், மிளகாய் நெடிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரிப்பது போன்ற குரலில் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் தன் தூக்குவாளியைக் காலால் முன்னே நகர்த்தியபடி, “அப்படின்னா இருக்கும்போதே அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கணும்” என்றாள்.

நான் பின்னால் நிற்பது இருவருக்கும் தெரியாது. நான் உத்திராபதியின் ஒரே மகள், பெயர் மங்கையர்க்கரசி. அந்த எட்டுக்காலின் கால்களை எண்ணி, கண்களை எண்ணி, அளந்து, வரைந்து, அதற்கு அப்பாவின் பெயரை எழுதி அனுப்பியவளும் நான்தான். கோதுமையை அரைக்காமலே வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் கீழக்கல்மேடு, அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரின் மூன்று பக்கமும் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள், நான்காவது பக்கம் வெள்ளைக் களிமண் குழி. கோடி கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே கடல் இருந்து, பின்வாங்கி, போகும்போது தன் பிள்ளைகளை எடுத்துக்கொள்ள மறந்து போயிருந்தது, அதனால் கல்லைப் பிளந்தால் நண்டும் நத்தையும் களிமண்ணைப் பிளந்தால் இலைகளும் பதிந்து கிடக்கும். பஞ்சாயத்துப் பள்ளியின் பழைய கட்டடத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் டாக்டர் இருதயராஜ் ஒரு தொல்லுயிர்க் காட்சியகம் நடத்தினார். திருச்சியில் நிலவியல் முடித்த நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியிருக்காது என்பதுதான் நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

புதிய உயிரினம் ஒன்றை உலகத்தில் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைக் கல்லிலிருந்து ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, லென்சுக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு கணுவையும் அளந்து, இதுவரை உலகத்தில் யாராவது எழுதிவைத்த அத்தனை உறவுக்காரப் பிராணிகளோடும் ஒப்பிட்டு, இது அவற்றில் எதுவும் அல்ல என்று நிச்சயம் செய்து, விவரத்தை எழுதி, பெயர் வைத்து, ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். அச்சாகி வந்த நாளில் அந்தப் பெயர் அதனுடையது. ஒருவரைக் கௌரவிக்க நினைத்தால் அவர் பெயரோடு ‘இ’ என்று ஒரு லத்தீன் வாலை ஒட்டி வைப்பார்கள். டாக்டர் வெளிநாட்டு அறிஞர்கள் பெயரை வைக்க மாட்டார், சோறு போட்ட ஊருக்குச் செய்கிறேன் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெயரைத்தான் வைப்பார்.

முதலில் வந்தது நண்டு. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வரதப்பன் பெயரை அதற்கு வைத்தோம். பங்குனி மாதத்தில் ஆய்விதழ் தபாலில் வந்த அன்று காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் கல் மட்டும் இருந்தது, கல்லில் நண்டின் குழி மட்டும் இருந்தது, நண்டு தலைவர் வீட்டு வாசற்படியில் ஈரமாக உட்கார்ந்திருந்தது. ஊர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. பேரு வெச்சா வராம எங்க போகும் என்று கேட்டார்கள். கடல் பிராணி என்பதால் தலைவரின் மருமகள் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் விட்டு நாலு பாக்கெட் உப்பைக் கொட்டினாள், பெண்கள் வந்து அதன் ஓட்டில் மஞ்சள் தொட்டு வைத்தார்கள், இதற்குத் தாய்மாமன் முறை யார் செய்வது என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து, சுரங்கத்தில் அதைத் தோண்டி எடுத்த ஆள்தான் மாமன் என்று தீர்ப்பாயிற்று. தலைவரை அவருடைய அம்மா போன பிறகு யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நண்டை எல்லாரும் கூப்பிட்டார்கள். வரதப்பா என்றால் போதும், அது தொட்டியிலிருந்து ஏறி, எந்தத் தெருவானாலும் பக்கவாட்டில் ஓடி வந்தது.

அடுத்தது நத்தை. அது ஆனி மாதத்தில் ஜெயசீலி டீச்சர் வீட்டுக்கு வந்தது. டீச்சர் நடந்தால் காற்று அடிக்கும் என்பார்கள், அவ்வளவு வேகம். டீச்சருக்கு நத்தையா என்று ஊரே சிரித்தது, டீச்சரும் சிரித்தார். அவரிடம் காது திருகப்பட்டு வளர்ந்த பிள்ளைகள், ஏ ஜெயசீலி இங்க வா, ஏ ஜெயசீலி வீட்டுப்பாடம் எழுதினியா என்று நாள் முழுக்க நத்தையின் பின்னால் நடந்தார்கள். அது ஒவ்வொரு முறையும் கொம்பைத் தூக்கிப் பார்த்தது.

அதன் பிறகு காட்சியக வாசலில் வரிசை நின்றது, என் பேர் இல்லாவிட்டாலும் என் மாமனார் பேரையாவது ஒரு சிப்பிக்கு வையுங்கள் என்று கேட்டார்கள். அப்பா வரிசையில் நிற்கவில்லை. அவர் களிமண் குழியின் எடைமேடையில் வேலை பார்த்தார், தினமும் நூறு லாரியாவது அவர் ஜன்னலைத் தாண்டிப் போகும். ஒரு லாரியிலிருந்து விழுந்து பிளந்த களிமண் கட்டிக்குள், இரண்டு இலைகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்துக்கொண்டு ஒரு சிலந்தி இருந்தது. அதைச் சாப்பாட்டுத் தூக்கின் மேலடுக்கில் வைத்து எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார். “கண்டெடுத்தவன் நான், எழுதப்போறது என் மக. வேற எவன் பேரை வைக்கப் போறே?” என்றார். லத்தீன் வாலைப் பற்றி டாக்டர் விளக்கியபோது, என் பேருக்கு அந்த வால் பிறக்கும்போதே இருக்குதுங்க சார் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். ஆவணி மாதத்தில் நான் விவரத்தை எழுதி அனுப்பினேன். கண்கள் எட்டு, இரண்டு வரிசை. முன்னங்கால் மற்றவற்றைவிட நீளம். பாதத்தில் சீப்புப் போல மூன்று நகம். எழுதும்போதே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. மற்றவை எல்லாம் செத்து அடங்கிய மாதிரி கல்லில் கிடக்கும், இது காத்திருப்பது மாதிரி கிடந்தது.

கார்த்திகையில் தலைவர் நின்றுபோனார்.

ஒருநாள் காலை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. சில மாதங்களாகவே கால் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், வயசு என்று விட்டுவிட்டார்கள். தொட்டுப் பார்த்தால் கல், தட்டினால் கல்லின் சத்தம், ஆனால் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்தால் ஒரு உலை கொதிக்கும் நேரத்துக்கு ஒரு தடவை லேசாக மங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரால் இருக்கிறார் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. மழைக்கு அவர் தலைக்கு மேல் ஒரு குடையைக் கட்டினார்கள், வெள்ளிக்கிழமை காக்கை எச்சத்தைக் கழுவினார்கள், மனு கொடுக்க வந்தவர்கள் வழக்கம் போல அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். கிராமசபைக் கூட்டத்துக்கு நண்டு போய் அவர் இடத்தில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த பிறகு கூட்டம் சீக்கிரம் முடிகிறது என்று சிலர் சொன்னார்கள்.

தை மாதத்தில் ஜெயசீலி டீச்சர் கரும்பலகையைக் காட்டிய கை காட்டியபடியே நின்றுபோனார். அவர் நிற்கும் வகுப்பில் மட்டும் சத்தமே இல்லை என்று தலைமையாசிரியர் அவரை அங்கேயே விட்டுவைத்தார். நத்தை பலகையின் மேல் ஏறி, வெள்ளையாக ஒரு கோடு விட்டுக்கொண்டு, முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை நடந்தது.

அதற்குப் பிறகு ஊரில் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. விடியற்காலையில், வாசல் தெளிக்கும் முன்பு, ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, விரல் முட்டியால் தங்கள் குதிகாலைத் தாங்களே தட்டிப் பார்த்தார்கள். பேர் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாம் தட்டினார்கள். எழுதிக் கொடுக்காதவர்களும் தட்டினார்கள். மெத்தென்ற சத்தம் வந்ததும் எழுந்து போய்ப் பல் துலக்கினார்கள்.

டீச்சர் நின்ற அன்றே நான் டாக்டரிடம் ஓடினேன். அந்தப் பெயரை அச்சிட வேண்டாம் என்று அவர் ஆய்விதழுக்கு எழுதினார். பதில் வந்தது, சிலந்தி போன வாரமே அச்சாகிவிட்டது, இதழ் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. அச்சான பெயரை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, வைத்தவரே வருத்தப்பட்டாலும் முடியாது, அதுதான் எங்கள் தொழிலின் விதி. ஒரே ஒரு வழி உண்டு. அதே பிராணிக்கு அதற்கு முன்பே யாராவது வேறு பெயர் வைத்திருந்தால் பழைய பெயர்தான் நிற்கும். நானும் டாக்டரும் காட்சியகத்தில் இருந்த அத்தனை புத்தகங்களையும் பிரித்துப் போட்டுத் தேடினோம். எங்களுக்கு முன்னால் அந்தச் சிலந்தியை யாரும் பார்த்திருக்கவில்லை. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உண்மையாவே புதுசும்மா” என்றார். மூன்று வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை தபால்காரப் பெண் இதழைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் வீட்டுக்குப் போனபோது அது வாசல் நிலையின் மேல் இருந்தது. களிமண்ணின் வெள்ளை நிறம், உள்ளங்கை அகலம், முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி வீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா கீழே நின்று அண்ணாந்து, வாங்க சார், உங்க வீடுதான், என்று சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார். அவர் வேட்டியின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, அன்று காற்றே இல்லை.

அம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே சிலந்தி என்றால் உயிர் போய்விடும். பல்லி, பாம்பு எதற்கும் அசையாதவள், மூலையில் நூலாம்படையைக் கண்டால் விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவாள். இதை அடிக்க முடியாது, அப்பாவின் பெயர் அதன் மேல் இருந்தது. அடித்தால் யாருக்கு வலிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். அதை அவள் அது என்று மட்டுமே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி, கூப்பிட்டுப் பாரு அக்கா, சமத்தா வருது என்றபோது, “அந்தப் பேரை நான் எப்படிச் சொல்றது?” என்றாள். தெரு சிரித்தது. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் எடைமேடைக்காரரு என்பாள், பேங்கில் கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். பூச்சிக்கு வைத்தாலும் அது அவர் பேர்தானே என்றாள்.

சிலந்தி இரண்டாம் நாளே வேலைக்குப் போனது. காலை எட்டு மணிக்கு அப்பாவின் சைக்கிள் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து எடைமேடைக்குப் போய், ஜன்னல் கம்பியில் நின்றது. லாரி ஓட்டுநர்களுக்கு அப்பா எப்போதும் அண்ணன்தான். சிலந்தியை யார் அண்ணன் என்பார்கள்? உத்திராபதி, எடை போடு, உத்திராபதி, சீட்டைக் கொடு, உத்திராபதி, டீ குடிச்சியா என்று நூறு லாரியும் ஒவ்வொரு நடைக்கும் அதைக் கூப்பிட்டுவிட்டுப் போயின. தலைவர் நின்றுபோக எட்டு மாதம் ஆயிற்று. அப்பாவுக்குப் பதினோராம் நாளே இடது பாதம் தரையில் கல்லாகச் சத்தம் போட்டது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தினமும் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்து, காட்சியகத்து அளவியை வைத்து அளந்து எழுதினேன். இடது பாதம், வெளிர் சாம்பல், நகங்கள் தெளிவு. வலது கணுக்கால், மேல்புறம் மெல்லிய வரிகள், நரம்பாக இருக்கலாம். முழங்கால் வரை, தட்டினால் நடுத்தரச் சத்தம். இருபதாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சிலந்தி தனியாகவே, நடந்து, வேலைக்குப் போயிற்று. அப்பா கூடத்து நாற்காலியில் இருந்தபடி, என்னைக் காட்சியகத்துல வெக்கிறப்போ மூஞ்சி வாசப் பக்கம் பார்த்து வைக்கச் சொல்லு, போற வர்றவனைப் பாக்கணும் என்றார். இடுப்பு வரை வரும்வரைக்கும் இப்படித்தான் பேசினார். இடுப்பைத் தாண்டிய அன்று, நான் அளந்துகொண்டிருந்தபோது, அளவி பிடித்த என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா, எனக்குப் பயமா இருக்கு” என்றார். அம்மா அடுக்களையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

மறுநாள் நான் எடைமேடைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ணினேன். அன்று ஒரு பகலில் அப்பாவின் பெயர் நானூற்றுப் பதினேழு தடவை சொல்லப்பட்டது. எல்லாமே சிலந்தியிடம். அதில் ஒரு தடவைகூட அவரைப் பற்றி அல்ல. பிறகு வீட்டுக்கு வந்து, பார்க்க வந்தவர்கள் அவரிடம் பேசியதை எண்ணினேன். அண்ணே, மாமா, பெரியப்பா, எடைமேடைக்காரரே. என்னுடையது அப்பா. அம்மாவுடையது ஏங்க. தலைவரைத் தலைவர் என்றோம், டீச்சரை டீச்சர் என்றோம். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

சிலந்தியைக் கூப்பிடக் கூப்பிட அப்பா கல்லாகிறார், அவரை அந்தப் பேரில் கூப்பிட ஆளே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நம்ம வீட்டுல யாருமே சொல்லலையா என்று கேட்டாள். யாரும்மா சொல்லுவாங்க என்றேன். அவள் புடைத்த அரிசியையே மறுபடியும் முறத்தில் அள்ளிப் புடைக்க ஆரம்பித்தாள்.

கல் கழுத்து வரை ஏறிய அன்று நானே முயன்று பார்த்தேன். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவருக்குக் கேட்குமளவுக்கு மட்டும், அந்தப் பெயரைச் சொன்னேன். கல்லாகிப்போன அப்பாவின் தோள் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்குள் சிலந்தி கூரையிலிருந்து விழுந்து, தரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு, என்னை நோக்கி ஓடி வந்தது. கூப்பிட்டால் வரும், அதுதான் அதன் வழக்கம். என் காலில் அதன் முதல் நகம் பட்டபோது கதவைத் திறந்துகொண்டு தெருமுனை வரை ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அப்பா என்னைப் பார்த்தார். அவரால் அப்போது கழுத்துக்கு மேலே மட்டும்தான் அசைக்க முடிந்தது. அதன் பிறகு அவர் முன்னால் என்னால் நோட்டை எடுக்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் தாடை வரை வந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, லாரி இல்லை, சிலந்தி வீட்டில்தான் இருந்தது. பார்க்க வந்த கூட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, அப்பாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், சுவரில் இருந்ததைப் பார்த்து உத்திராபதி, உத்திராபதி என்று கொஞ்சிவிட்டுப் போனது. ஒவ்வொரு கொஞ்சலுக்கும் அப்பாவின் கீழ் உதட்டில் சாம்பல் நிறம் ஒரு நூல் ஏறுவதை நான் பார்த்தேன். கண்கள் மட்டும் கண்களாக இருந்தன. அவை அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. மாலை வெயில் கூடத்தில் பாதி வரை வந்திருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கையின் ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்றவர்களிடம் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க என்றாள். நாற்பது நாளில் முதல் முறையாக அவள் அதற்கு முதுகைக் காட்டவில்லை. முகம் சுவரில் இருந்ததைப் பார்த்தது, எட்டுக் கண்களையும் பார்த்தது. பிறகு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவருடைய கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்லில் வளையல் பட்டுச் சத்தம் வந்தது.

“உத்திராபதி” என்றாள்.

வாசலில் நின்ற பெண்களில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தாள். சிலந்தி சுவரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, அம்மாவின் சேலை மடிப்பில் கால் வைத்து, முதுகில் ஏறியது. அம்மாவின் உடம்பு உச்சி முதல் பாதம் வரை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அது அவளுடைய தோளுக்கு வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி, அவள் காதையும் கன்னத்தையும் தடவியது. அவள் தட்டிவிடவில்லை. திரும்பவும் இல்லை. அப்பாவின் கண்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடியும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.